நிக்கதேம் கேட்ட கேள்வி

யோவான் நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. பலமுறை வாசித்திருந்தும் நாம் அதில் நின்று நிதானித்திருக்க மாட்டோம். இயேசுவைப் பிடித்துவர அனுப்பப்பட்ட காவலர் வெறுங்கையராய்த் திரும்புகின்றனர். தலைமைக் குருக்களும் பரிசேயரும் சினங்கொண்டு பேசும் அவ்வேளையில் நிக்கதேம் ஒருவரே வாய் திறக்கிறார். ஒருவர் சொல்வதைக் கேளாமலும் அவர் செய்ததை அறியாமலும் அவருக்குத் தீர்ப்பளிப்பது நம் சட்டத்துக்கு உகந்ததா என்பதே அவர் கேள்வி. அவர் இயேசுவைப் புகழவில்லை. இயேசுவின் சீடர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. முதலில் கேளுங்கள், பிறகு தீர்ப்பிடுங்கள் என்றார், அவ்வளவே. அதற்கு அவருக்குக் கிடைத்த மறுமொழி, நீரும் கலிலேயர்தாமோ என்ற ஏளனம் (யோவா 7:50-52).

கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவாகி, இப்போது நம் நாட்டிலும் மெல்லக் கால் ஊன்றிவரும் ஒரு பணியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்த நிக்கதேம் நம் நினைவுக்கு வருகிறார். மரண தண்டனை விதிக்கப்படக்கூடிய வழக்குகளில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாழ்க்கை முழுவதையும் ஆராய்ந்து, அவரை உயிரோடு விட்டுவைக்கக் காரணம் உண்டா என்று தேடுவது அப்பணி. தண்டனையின் கடுமையைத் தணிக்கும் காரணங்களைத் தேடுவதால் அதைச் செய்பவரை நாம் தணிப்பு ஆய்வாளர் என்று அழைக்கலாம். அவர் பெரும்பாலும் வழக்குரைஞர் அல்லர். சமூகப் பணியாளராகவோ, மானிடவியல் பயின்றவராகவோ, முன்னாள் செய்தியாளராகவோ இருப்பார். அவரிடமும் உலகம் கேட்பது அந்தப் பழைய கேள்வியைத்தான்: நீயும் கொலைகாரன் பக்கந்தானா?

இப்பணி எவ்வாறு தோன்றியது, எதைச் சாதித்தது, கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் என்ன பங்கு உண்டு என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மின்னலைப் போல் விழுந்த தண்டனை

1972-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், ஃபர்மன் எதிர் ஜார்ஜியா என்னும் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற மிகக் குறுகிய பெரும்பான்மையில், அன்று நடைமுறையிலிருந்த மரண தண்டனை முறை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒன்பது தனித் தீர்ப்புரைகள் எழுதினர். யாருக்குத் தூக்கு, யாருக்குச் சிறை என்பதற்கு எந்த ஒழுங்கும் இல்லை என்பதே பெரும்பான்மையினர் கண்ட குறை. மின்னல் யார்மீது விழும் என்று சொல்லவியலாதது போலவே இத்தண்டனையும் விழுகிறது என்ற பொருள்பட நீதிபதி ஸ்டூவர்ட் எழுதினார். ஏழைகளும் கறுப்பினத்தவருமே இதில் பெரிதும் சிக்கினர் என்பதை வேறு நீதிபதிகள் சுட்டிக்காட்டினர். சாவை எதிர்நோக்கியிருந்த அறுநூறுக்கும் மேற்பட்ட கைதிகளின் உயிர் அன்று தப்பியது.

ஆனால் மாநிலங்கள் ஓய்ந்திருக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் 35 மாநிலங்கள் புதிய மரண தண்டனைச் சட்டங்களை இயற்றின. அவற்றுள் இருவகை உண்டு. தெரிவு செய்ய இடமிருப்பதால்தானே பாகுபாடு நுழைகிறது, ஆகவே குறிப்பிட்ட கொலைகளுக்கெல்லாம் கட்டாயமாகச் சாவுத் தண்டனை என்று விதித்துவிடலாம் என எண்ணியது ஒருவகை. குற்றவாளியா அல்லவா என்பதை ஒரு விசாரணையிலும், என்ன தண்டனை என்பதை மற்றொரு விசாரணையிலும் தனித்தனியே முடிவு செய்யலாம் என்றது மற்றொரு வகை.

1976-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இரண்டாவது வகையை ஏற்று, முதல் வகையைத் தள்ளிற்று. வட கரோலைனா மாநிலத்தின் கட்டாய மரண தண்டனைச் சட்டத்தை ஆராய்ந்த நீதிபதிகள் சொன்ன காரணம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஒரே வகைக் குற்றம் புரிந்தோர் அனைவரையும் முகமற்ற ஒரே கூட்டமாக நடத்துவது மனித மாண்புக்கு இழுக்கு. சாவுத் தண்டனை விதிக்குமுன் அந்த ஒரு மனிதரின் இயல்பையும் வரலாற்றையும், மானிடப் பிறவிக்கே உரிய பலவீனங்களையும் கருதிப் பார்த்தாக வேண்டும் என்றனர் அவர்கள். மரண தண்டனை அன்று திரும்ப வந்தது என்பது உண்மை. ஆனால் குற்றவாளி யார் என்று கேட்டாக வேண்டும் என்ற கடமையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

அடுத்த ஆறு ஆண்டுகளில் இக்கடமை விரிந்தது. 1978-இல் லாக்கெட் எதிர் ஓஹையோ வழக்கு. அடகுக் கடை ஒன்றில் நடந்த கொள்ளையின்போது கடைக்காரர் கொல்லப்பட்டார். வெளியே வண்டியில் காத்திருந்த 21 வயதுப் பெண்ணுக்கும் மரண தண்டனை. அம்மாநிலச் சட்டம் மூன்றே மூன்று தணிப்புக் காரணங்களைத்தான் ஏற்றது. தமக்கு வேறு வழியில்லை என்றார் நீதிபதி. அந்தத் தண்டனையை நீக்கிய உச்ச நீதிமன்றம், தணிப்புக்கு உதவும் எந்தச் செய்தியையும் சட்டம் தடுக்கலாகாது என்றது. 1982-இல் எட்டிங்ஸ் எதிர் ஓக்லஹோமா வழக்கு. நெடுஞ்சாலைக் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவன் 16 வயதுச் சிறுவன். ஐந்து வயதில் பெற்றோர் பிரிந்தனர். குடிப்பழக்கமுள்ள தாயிடம் கட்டுப்பாடின்றி வளர்ந்து, பிறகு தந்தையின் கடுமையான அடிகளுக்கு ஆளானவன். இவ்வன்முறை வளர்ப்பைக் கருதுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று விசாரணை நீதிபதி ஒதுக்கிவிட்டார். ஒதுக்கலாகாது என்றது உச்ச நீதிமன்றம்.

வழக்குரைஞர் அல்லாத ஒருவர்

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. அதன் வழியே எதை எடுத்துச் செல்வது என்று வழக்குரைஞர்களுக்குத் தெரியவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் தடயத்தை மறுக்கவும் பயின்றவர்கள் அவர்கள். குற்றவாளி என்று ஜூரிகள் முடிவு கூறியபின், தாயை மேடையேற்றி அழ வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வதே பலருக்கு வழக்கமாயிருந்தது. ஒரு மனிதனின் வாழ்க்கையைத் துருவி ஆராய்வது வேறு கலை.

அக்கலையை உருவாக்கியவர்களுள் முன்னோடி என்று போற்றப்படுபவர் ஷார்லெட் ஹோல்ட்மன் என்னும் பெண்மணி. 1970-களின் இறுதியில் ஃபுளோரிடா மாநிலத் தலைநகர் டாலஹாசியில் சிறியதோர் அலுவலகத்திலிருந்து, சாவுக் கொட்டடியில் இருந்தோருக்காக ஊதியமின்றி வாதாட முன்வரும் வழக்குரைஞர்களைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தவர் அவர். அவர் சட்டம் படித்தவர் அல்லர். மானிடவியல் வழி வந்தவர். கைதியின் குடும்பம், ஊர், பரம்பரை, நோய், பள்ளி ஆகிய அனைத்தையும் ஒரு மானிடவியலார் காணும் கண்ணோடு அவர் கண்டார். பின்னாளில் அந்நாட்டின் மிகக் கொடிய குற்றங்களாகக் கருதப்பட்ட வழக்குகளிலும் பணியாற்றினார். இளையோர் பலரைப் பயிற்றுவித்தார். 2017-இல் மறைந்தார்.

மெல்ல மெல்ல இப்பணி முறைப்படுத்தப்பட்டது. 1989-இல் அமெரிக்க வழக்குரைஞர் சங்கம் மரண தண்டனை வழக்குகளுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2003-இல் திருத்தப்பட்ட நெறிகள், இத்தகைய வழக்கின் எதிர்வாதக் குழுவில் குறைந்தது இரு வழக்குரைஞர்களும், ஒரு புலனாய்வாளரும், ஒரு தணிப்பு ஆய்வாளரும் இருத்தல் வேண்டும் என்றன. தணிப்புப் பணிக்கென்றே துணை நெறிகள் 2008-இல் வந்தன.

சமையலறை மேசையருகே

அப்பணி நடைபெறும் விதம் என்ன? முதலில் ஏடுகள். பிறப்புச் சான்று, தாயின் மகப்பேற்றுக் குறிப்பு, மருத்துவமனைப் பதிவுகள், பள்ளி மதிப்பெண்கள், வளர்ப்பு இல்லங்களின் கோப்புகள், படைப்பணிக் குறிப்பு, பழைய சிறை ஆவணம் ஆகியவற்றை ஆய்வாளர் ஒவ்வோர் அலுவலகமாகத் தேடிச் சேர்க்கிறார். கைதியினுடையவை மட்டும் போதா. பெற்றோர், பாட்டன் பாட்டி என மூன்று தலைமுறைக்குச் செல்வது வழக்கம். மனநோயும் குடியும் வன்முறையும் ஒரு தலைமுறையில் தொடங்கி ஒரு தலைமுறையில் முடிவதில்லையன்றோ? தாய் கருவுற்றிருந்தபோது குடித்தாளா, குடியிருந்த வீட்டின் சுவரில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருந்ததா, குழந்தைப் பருவத்தில் தலையில் அடிபட்டதா என்பனவெல்லாம் மூளையின் வளர்ச்சியைப் பற்றிய கேள்விகள். விடை கிடைத்தால் தக்க மருத்துவரிடம் செய்தி போகும்.

அடுத்து மனிதர்கள். உறவினர், அயலார், ஆசிரியர், பழைய முதலாளி, சிறைக் காவலர் எனப் பலரை நேரில் சென்று காணவேண்டும், தொலைபேசி போதாது. ஒவ்வொருவரையும் தனியே காணவேண்டும். ஒருமுறை அன்று, பலமுறை. காரணம் எளிது. குடும்பத்தின் வெட்கங்களை யாரும் முதல் நாளில் முன்பின் தெரியாதவரிடம் சொல்வதில்லை. தன்னைச் சீரழித்தவர் இன்னார் என்பதைச் சொல்வதைவிடச் சாவதே மேல் என்று கைதியே எண்ணுவதுண்டு. தன் பிள்ளையை அடித்து வளர்த்த தாய், அவன் உயிரைக் காக்கத் தன் குற்றத்தை மன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை வரும். ஆகவே ஆய்வாளர் அந்த வீட்டுச் சமையலறை மேசையருகே மணிக்கணக்கில் அமர்ந்திருப்பார். வானிலையைப் பற்றிப் பேசுவார். பழைய புகைப்படங்களைப் பார்ப்பார். உண்மை, தான் வரும்போது வரும்.

இங்கு நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தணிப்பு என்பது குற்றத்தை மறுப்பதன்று, நியாயப்படுத்துவதும் அன்று. இதே துன்பத்தில் வளர்ந்த எத்தனையோ பேர் கொலை செய்வதில்லையே என்ற வினா எழுவது முறையே. ஆய்வாளர் அதை மறுப்பதில்லை. இவன் செய்தது இது. இவன் நடந்து வந்த வழி இது. இரண்டையும் அறிந்தபின் முடிவு செய்யுங்கள் என்பதே அவர் முன்வைப்பது. நம் ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்தோர்க்கு இதில் வியப்பு இராது. நல்ல ஆன்மகுரு பாவத்தைச் சிறிதாக்குவதில்லை. ஆனால் பாவியின் அறிவையும் உரிமையையும் சூழலையும் கேட்டறியாமல் அதன் பாரத்தை அளப்பதும் இல்லை.

நீதிமன்றம் கற்ற பாடம்

தேடாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குச் சில தீர்ப்புகள் சான்றாக நிற்கின்றன. 2000-ஆம் ஆண்டில் விர்ஜீனியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், தண்டனை விசாரணைக்கான ஆயத்தத்தை வழக்குரைஞர்கள் தொடங்கியதே ஒரு வாரத்துக்கு முன்புதான் என்று தெரிந்தது. பிள்ளைகளைக் கவனியாது விட்ட குற்றத்துக்காகக் கைதியின் பெற்றோர் சிறை சென்றிருந்தனர். சிறையில் அவர் காவலர் ஒருவரின் தொலைந்த பணப்பையைக் கண்டெடுத்துத் திருப்பித் தந்து பாராட்டுப் பெற்றிருந்தார். இவை ஏட்டில் இருந்தன. எடுத்துப் பார்த்தவர் இல்லை. அத்தண்டனை நீங்கியது.

2003-இல் மேரிலாந்து மாநிலத்திலிருந்து வந்த விக்கின்ஸ் எதிர் ஸ்மித் வழக்கு இவ்வரலாற்றில் ஒரு மைல்கல். குடிகாரத் தாய், பிள்ளைகளை நாட்கணக்கில் தனியே விட்டுப் போய்விடுவாள். சமையலறை பூட்டப்பட்டிருக்கும். பசி தாங்காத குழந்தைகள் பிச்சை எடுத்தனர். குப்பையில் கிடந்ததையும் சுவரிலிருந்து உதிர்ந்த வண்ணச் சில்லுகளையும் தின்றனர். அவள் ஒருமுறை அவர் கையைச் சூடான அடுப்பில் வைத்துச் சுட்டாள். பின்னர் சேர்ந்த வளர்ப்பு இல்லங்களிலும் கொடுமை தொடர்ந்தது. இதில் ஒரு வரிகூட ஜூரிகளுக்குச் சொல்லப்படவில்லை. சமூக வரலாற்று அறிக்கை தயாரிக்க அரசுப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தும் வழக்குரைஞர்கள் அதைப் பயன்படுத்தவில்லை. எழுவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தண்டனையை நீக்கிய உச்ச நீதிமன்றம், வழக்குரைஞர் சங்கத்தின் நெறிகளை அளவுகோலாக எடுத்துக்காட்டியது.

2009-இல் ஃபுளோரிடாவிலிருந்து வந்த வழக்கின் கைதி, கொரியப் போரில் மிகக் கடுமையான சண்டைகளில் நின்று காயமுற்ற வீரர். போர் அவர் மனத்தைச் சிதைத்துவிட்டிருந்தது. நாட்டுக்காக அவர் பட்ட பாட்டை அவருக்குச் சாவு விதித்தோர் அறியவே இல்லை. அத்தண்டனையும் செல்லாது என்று ஆயிற்று.

இழந்தோரின் கண்ணீர்

இவ்வளவும் எழுதியபின் ஒரு கேள்வியை நாம் தவிர்க்கலாகாது. கொல்லப்பட்டவரின் வாழ்க்கையை ஆராய்ந்தவர் யார்? அவருடைய தாயின் சமையலறை மேசையருகே அமர்ந்தவர் யார்?

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் ஃபுளோரிடாவின் பார்க்லேண்டு நகரப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் 19 வயதினன். அப்பள்ளியின் முன்னாள் மாணவன். 2022-இல் நடந்த தண்டனை விசாரணையில், அவன் கருவிலிருந்தபோது தாய் குடித்ததையும் அதனால் விளைந்த குறைகளையும் எதிர்வாதத் தரப்பு எடுத்துரைத்தது. பன்னிருவருள் மூவர் சாவுக்கு உடன்படவில்லை. ஆகவே ஆயுள் சிறை. பிள்ளைகளை இழந்த பெற்றோர் பலர் நீதிமன்றத்திலேயே நொறுங்கிப் போயினர். இதற்கும் இல்லையென்றால் வேறு எதற்குத்தான் அத்தண்டனை என்று அவர்கள் கேட்டனர். அடுத்த ஆண்டே அம்மாநிலம் சட்டத்தை மாற்றி, எண்மர் இசைந்தாலே மரண தண்டனைக்குப் போதும் என்று ஆக்கியது. அப்பெற்றோரின் சினத்தைத் தவறென்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் இழந்ததை நாம் இழக்கவில்லை.

சாவுக் கொட்டடியில் இருப்போரின் துணைவர் என்று உலகறிந்த அருட்சகோதரி ஹெலன் பிரஜான் இக்குறையைத் தம்மிடமே கண்டவர். 1982-இல் லூசியானாவின் அங்கோலா சிறைக் கைதி ஒருவருக்கு மடல் எழுதத் தொடங்கி, 1984-இல் அவர் இறந்த வேளையில் உடனிருந்தவர் அவர். கொலையுண்டோரின் குடும்பங்களைத் தொடக்கத்திலேயே சென்று காணாதது தம் பிழை என்று 1993-இல் வெளியான தம் நூலில் ஒப்புக்கொண்டார். பின்னர் அத்தகைய குடும்பங்களுக்கு ஆதரவான குழு ஒன்றைத் தொடங்கவும் செய்தார்.

இழந்தோர் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதும் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் தொடர்பாக 2006-இல் விர்ஜீனியாவில் நடந்த தண்டனை விசாரணையில், அன்று தம் உற்றாரை இழந்த சிலர் எதிர்வாதத் தரப்பின் சாட்சிகளாகவே மன்றம் ஏறினர். குற்றவாளிக்குக் கிடைத்தது ஆயுள் சிறை. காயினின் கையால் ஆபேல் சிந்திய இரத்தம் மண்ணிலிருந்து கதறியதைக் கேட்ட இறைவனே, காயினை எவரும் கொல்லாதபடி அவன்மீது அடையாளமிட்டார் என்கிறது தொடக்க நூல் (தொநூ 4:10-15). இரண்டையும் செய்தவர் ஒரே இறைவன். இதில் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதை விடுவது நமக்கு எளிது.

தூக்குமேடை வரையில் சென்ற திருச்சபை

தண்டிக்கப்பட்டோரோடு நடப்பது நம் திருச்சபைக்குப் புதிதன்று. உரோமையில் 1488-இல் நிறுவப்பட்ட, திருமுழுக்கு யோவானின் பெயர் தாங்கிய பக்தசபையினர், சாகவிருந்தோரின் கடைசி இரவில் உடனிருந்து தேற்றினர். உடலை அடக்கம் செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூரின் நகரின் புனித யோசேப் கஃபாசோ ஐம்பதுக்கும் மேற்பட்டோரைத் தூக்குமேடை வரை கைபிடித்து அழைத்துச் சென்றார். புனித தொன் போஸ்கோவின் வழிகாட்டி அவர். பெரும் இரக்கச் செயல்கள் இவை. ஆயினும் அவை தீர்ப்புக்குப் பிந்திய இரக்கம். அந்த மேடை வேண்டுமா என்ற கேள்வியை நெடுங்காலம் நாம் கேட்கவில்லை. உரோமையிலேயே, திருத்தந்தையரின் ஆட்சியில், 1870 வரை மரண தண்டனை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1995 மார்ச் 25-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வாழ்வின் நற்செய்தி என்னும் தம் சுற்றுமடலில், இத்தண்டனைக்கு உண்மையான தேவை இக்காலத்தில் மிக மிக அரிது, ஏறக்குறைய இல்லை என்று கற்பித்தார். 1997-இல் மறைக்கல்வி நூல் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ், மனித மாண்பின்மீது தொடுக்கப்படும் தாக்குதல் என்பதால் மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று அந்நூலின் வாசகத்தையே மாற்றினார்.

1999 ஜனவரியில் நடந்த ஒன்றை இங்கு நினைவுகூர்வோம். மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்த இரண்டாம் யோவான் பவுல், சாகவிருந்த ஒரு கைதிக்காக ஆளுநரிடம் நேரில் மன்றாடினார். ஆளுநர் இசைந்தார், அந்த உயிர் தப்பியது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் அதே ஆண்டில் அதே மாநிலத்தில் வேறு பலர் கொல்லப்பட்டனர். அவர்களுக்காகப் பேசத் திருத்தந்தை அங்கு இல்லை. பெரியவர் ஒருவரின் வருகையைச் சார்ந்து நிற்கும் இரக்கம் அருள்தான். எனினும் அதுவும் மின்னலைப் போல் எங்கோ ஒருவர்மீது விழுவதுதான். யாரும் வராத கைதிக்கும், யாரேனும் ஒருவர் கட்டாயம் வந்து கேட்டாக வேண்டும் என்ற ஒழுங்கைத் தருவதே தணிப்பு ஆய்வாளரின் பணி.

நம் நாட்டில்

நம் சட்டத்திலும் இதற்கான விதை நெடுநாளாகவே உண்டு. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றவாளி என்று முடிவான பின்னர்த் தண்டனை குறித்து அவரைத் தனியே கேட்க வேண்டும் என்றது. அது வெறும் சடங்கன்று, அவருடைய சமூகப் பின்னணியை மன்றத்தில் வைக்கும் வாய்ப்பு என்று 1976-இல் சாந்தா சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 1980-இல் பச்சன் சிங் வழக்கு, அரிதினும் அரிதான நிலையில் மட்டுமே மரண தண்டனை என்றது. குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் எடைபோட வேண்டும் என்றது. 1983-இல் மித்து வழக்கு, ஆயுள் கைதி செய்யும் கொலைக்குக் கட்டாய மரண தண்டனை என்ற சட்டப்பிரிவை நீக்கியது.

விதை இருந்தும் நீர் வார்ப்பார் இல்லை. குற்றவாளி என்று காலையில் கூறி, தண்டனையை அன்று மாலையே விதித்தல் நம் விசாரணை மன்றங்களில் அரிய செயலன்று. தில்லித் தேசியச் சட்டப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாவுத் தண்டனைக் கைதிகள் 373 பேரைக் கண்டு 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களுள் நால்வருக்கு ஏறக்குறைய மூவர் வறியோர். அத்தகையோருக்காகப் பழைய பள்ளி ஏட்டைத் தேடி யார் பயணம் செய்வார்?

2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் உச்ச நீதிமன்றம் திருப்பம் ஒன்றை ஏற்படுத்தியது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனநல ஆய்வு, குடும்பப் பின்னணி, கல்வி, பொருள்நிலை, சிறையில் நடத்தை ஆகியவை பற்றிய செய்திகளை விசாரணை நிலையிலேயே திரட்ட வேண்டும் என்று அது பணித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், இவ்விசாரணைக்குச் சீரான நெறிகள் வகுக்கும் வினா ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தணிப்பு ஆய்வாளர் நம் சிறைகளுக்குள்ளும் நுழைந்து கைதியோடு பேசத் தொடங்கியுள்ளார்.

நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 2009-இல் கடலூர் மாவட்டத்தில் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். அக்குடும்பத்தின் துயரை விவரிக்கச் சொற்கள் போதா. குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2013-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2023 மார்ச்சில் மறு ஆய்வு செய்தபோதுதான், கீழ்மன்றம் முதல் மேல்முறையீடு வரை எந்த நிலையிலும் தணிப்புக் காரணங்கள் கருதப்படவே இல்லை என்பது வெளிப்பட்டது. குற்றத்தின்போது அவருக்கு வயது 23; முற்குற்றம் இல்லை; சிறையிலிருந்தே ஒரு பட்டயப் படிப்பை முடித்திருந்தார். ஒருமுறை தப்பிக்க முயன்றதையும் நீதிமன்றம் மறைக்காமல் கருதியது. குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. தண்டனை, குறைந்தது இருபது ஆண்டுகள் குறைப்புக்கு இடமில்லாத ஆயுள் சிறையாக மாறியது. பதினான்கு ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்ட அக்கேள்விகளை முதலாண்டிலேயே கேட்டிருக்கலாம். அச்சிறுவனின் பெற்றோரும் பதினான்கு ஆண்டுகள் மன்றத்துக்கு மன்றம் தீர்ப்பை எதிர்நோக்கியிருக்க வேண்டியிராது.

களையும் பயிரும்

கொடியோரை அரசன் கொலைத் தண்டனையால் ஒறுத்தல், பயிரைக் காக்கக் களை பறிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்தோடு திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் முடிகிறது. நாம் போற்றும் நூல் அது. ஆனால் அதே அதிகாரம் தொடங்குவது, யாராயினும் குற்றத்தை ஆராய்ந்து, நடுநிலை பிறழாது தெளிந்து செய்வதே முறை என்ற கருத்தோடு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முடிவை மனப்பாடம் செய்தோம், தொடக்கத்தைச் செய்யவில்லை. நம் ஆண்டவரும் களையைப் பற்றிப் பேசினார். களையைப் பறிக்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடக்கூடும், அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்றார் (மத் 13:24-30). அதற்குக் காரணம் களை நல்லது என்பதன்று. பறிப்பவரின் கண் பிழைபடக்கூடியது என்பதே.

கொடுங்குற்றச் செய்தி ஒன்று நாளேட்டில் வந்த காலையில், தூக்கில் போடு என்று முதலில் சொல்லும் வாய் பெரும்பாலும் நம்முடையதாகவே இருக்கிறது. கோவில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் அதைச் சொல்லியிருக்கிறோம். மரண தண்டனை பெற்ற ஒருவரின் உருவத்தைக் கழுத்தில் அணிந்துகொண்டே சொல்லியிருக்கிறோம். அப்போது நம்முள் ஒருவரேனும், அவன் யார், எங்கு வளர்ந்தான் என்று கேட்டாரா? கேட்டவரை நாம் எப்படிப் பார்த்தோம்?

எல்லாரும் தணிப்பு ஆய்வாளர் ஆகிவிட முடியாது. ஆனால் நம் பங்குகளில் ஆசிரியர்கள் உள்ளனர், செவிலியர் உள்ளனர், சமூகப்பணி பயிலும் இளையோர் உள்ளனர், சட்டம் படித்தோர் உள்ளனர், சிறைப்பணிக் குழுவினர் உள்ளனர். பழைய மாணவன் ஒருவனைப் பற்றி நன்னடத்தை அலுவலரோ ஆய்வாளரோ கேட்டு வந்தால், நமக்கெதற்கு வம்பு என்று கதவைச் சாத்தாமல் உண்மையைச் சொல்லலாம். கொலையுண்டவரின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர்கள், ஓராண்டு கழித்தும் போகலாம். கொலை செய்தவனின் தாய் திருப்பலியில் கடைசி வரிசையில் தனியே நிற்கிறாள் எனில், அவளருகே போய் நிற்கலாம்.

நிக்கதேமின் கேள்வி அன்று எடுபடவில்லை. இயேசுவை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் யோவான் அவரை அத்தோடு விட்டுவிடவில்லை. எல்லாம் முடிந்த மாலையில், சீடர்கள் சிதறிவிட்ட வேளையில், வெள்ளைப்போளமும் அகிற்தூளும் கலந்து ஏறத்தாழ நூறு இராத்தல் சுமந்துகொண்டு அவர் வருகிறார் (யோவா 19:39). கேட்டவர்தாம் அடக்கம் செய்யவும் வந்தார். தணிப்பு ஆய்வாளர் பலருக்கும் இவ்வனுபவம் உண்டு. பல்லாண்டு தேடியும் தோற்றுப்போன வழக்கின் கைதியைக் கடைசி நாளில் சென்று காண்போரில் அவர்களும் இருக்கின்றனர். பின்னர் அடுத்த வழக்கின் கோப்பை எடுத்துக்கொண்டு, அறியாத ஓர் ஊரில், அறியாத ஒரு வீட்டின் கதவைத் தட்டுகின்றனர்.